இளவரசர் தேரின் கடையாணி குறித்து வச்சிரகோட்டப் பேரரசருக்கு

நன்மை ஓங்குக. மலைகளுக்கும் அவை தரும் ஆறுகளுக்கும் உரியவராய், குதிரைப்படையால் திசையெல்லாம் பெயர் பெற்ற வச்சிரகோட்டப் பேரரசர் மாதேவ விறலரசர் திருமுன்பு, நெய்தலூர் நாட்டு மன்னர் இளங்கீரர் பொருட்டு அவருடைய அமைச்சன் தாழையூர்க் கிழான் சேந்தன் வணங்கி எழுதும் ஓலை. தங்கள் கழனிகள் விளைக. தங்கள் குதிரைகள் எங்கள் திசை நோக்காது இளைப்பாறுக.

எங்கள் அறுவடை விழாவுக்கு விருந்தினராக எழுந்தருளிய தங்கள் இளவரசர் விசயகேதுவின் தேர் துறைமுகச் சாலையில் மிகு விரைவாக வந்தபோது, ஓடக்கோலைத் தோளில் சுமந்து துறைக்கு நடந்துகொண்டிருந்த ஓடக்காரி வெள்ளச்சியை வீழ்த்திற்று. சக்கரம் அவள் வலது முழங்காலில் ஏறிற்று. மருத்துவர் காலைக் காப்பாற்றினார். ஆயினும் அது இனி மடங்காது என்கிறார். கால் ஊன்றிக் கோல் தள்ளினால்தான் அவள் வீட்டில் உலை ஏறும்.

எங்கள் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. தேரோ வண்டியோ ஒருவரை ஊனப்படுத்தினால் சக்கரம் கழலாமல் காக்கும் அதன் கடையாணியைப் பிடுங்கி அடிபட்டவர் கையில் கொடுத்துவிடுவார்கள். ஓட்டியவரே அவர் வாசலுக்கு வந்து, ஈடு தர ஒப்புக்கொண்டு, கை நீட்டிக் கேட்டால்தான் ஆணி திரும்பும். அதுவரை வேறு ஆணி பூட்டி அத்தேரை நகர்த்த மக்கள் விடமாட்டார்கள். அன்று சந்தையில் இருந்தவர்கள் தேரில் இருந்த தங்கள் கொடியைப் பார்க்குமுன் ஆணியைப் பிடுங்கிவிட்டனர். கொடியைப் பார்த்தபின் பிடுங்கியவர் யாரென்றே தெரியாதபடி கூட்டம் கலைந்தது. அதற்குள் ஆணி வெள்ளச்சியின் கையில் இருந்தது.

இளவரசர் தேரைச் சாலையிலேயே விட்டு, இப்போது ஆற்றின் அக்கரையில் தங்கள் எல்லைப்படையுடன் தங்கியுள்ளார். அவருடைய தூதர் எங்கள் அவைக்கு வந்து, தேரை ஓட்டியவன் பாகன் மாதன் என்றும், அவன் விலங்கிடப்பட்டான் என்றும், அவன் தலையே போதிய ஈடு என்றும், பௌர்ணமிக்குள் ஆணி வராவிடில் படை ஆற்றைக் கடக்கும் என்றும் அறிவித்தார். அன்று முதல் எங்கள் கடைவீதி திறக்கவில்லை. அக்கரையில் குதிரை கனைத்தால் தாய்மார் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுக்கின்றனர்.

அவையின் சொற்படி ஆணியை வாங்கிவர நானே அவளிடம் சென்றேன். எங்கள் பண்டாரத்திலிருந்தே ஈடு தருவதாகச் சொன்னேன். அவள் சொன்னதை மெருகிடாமல் எழுதுகிறேன், பொறுத்தருள்க.

“என்னை மிதிச்சது நம்ம பண்டாரமா, ஐயா? கடிவாளம் பிடிச்சிருந்தது அந்த ராசா வீட்டுப் புள்ள. பாகன் பின்னால நின்னு ‘நிறுத்துங்க சாமி’ன்னு கத்துனான். அவன் தலைய வாங்கி நான் எந்தக் கால்ல வச்சுக் கட்டுறது? ஓட்டுனவரு வரட்டும். என் ஓடத்துக்கு நான் இருக்கற மட்டும் ஒரு ஆளு போட்டுத் தரட்டும். ஆணிய எண்ணெய் தடவியே குடுக்கறேன். அது கிடக்கட்டும், நீங்க ஏன் இப்படி நடுங்குறீங்க? அடிபட்டது எனக்கில்ல?”

நான் சந்தையில் விசாரித்தேன். கண்டவர்கள் தனித்தனியே அதையே சொன்னார்கள். சொன்னபின், தம் பெயரை எழுத வேண்டாமென்று என் காலைப் பிடித்தார்கள். ஆகவே இவ்வோலையில் என் பெயர் மட்டுமே உள்ளது.

நேற்று அந்தியில் முகம் மூடிய ஆட்கள் அவள் குடிசையைக் கலைத்துத் தேடினர். ஆணியை அவள் உலைப்பானையில் போட்டு அரிசியோடு கொதிக்க விட்டிருந்ததால் அது தப்பியது. இன்று காலை அதை என்னிடம் ஒப்படைத்தாள். என் இடைக்கச்சில் இருக்கிறது. மூச்சு விடும்போதெல்லாம் விலாவில் குத்துகிறது.

எங்கள் மன்னர் வேண்டுவதும் விதிப்பதும் இவை: வெள்ளச்சியின் ஆயுள் முடிய அவள் ஓடத்தைத் தள்ள ஓர் ஆளைத் தங்கள் அரண்மனை அமர்த்துக, மருத்துவச் செலவை ஏற்க, பாகன் மாதன் உயிரோடு விடுபடுக. கடிவாளம் பிடித்த கை தவிர வேறு கையில் ஆணி தரப்படாது.

தங்களைத் தடுக்கும் படை எங்களிடம் இல்லை. அதைத் தாங்கள் அறிவீர்கள். குதிரைகள் வருமாயின் ஓடக்காரியின் குடிசையைத் தேட வேண்டா. துறைமுகச் சாலையில், அந்தத் தேரின் அருகிலேயே நான் நிற்பேன்.

இளங்கீர மன்னரின் சங்கு முத்திரையிட்டு இவ்வோலை செல்கிறது. முத்திரை ஓரம் இழுபட்டிருப்பது கண்டு இதைப் போலி என்று ஐயுற வேண்டா. இட்ட என் கை நடுங்கிற்று. எழுதியது மாறாது.