நின்ற இடத்திலேயே நின்றவள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம், உன் அம்மாவின் இடது முழங்காலைத் தவிர, அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தத் தாள் போதாது. வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, இதென்ன புதுசாகக் கடிதம் என்று கேட்பாய். போனில் உன் முகம் தெரிந்ததுமே எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது, சாப்பிட்டாயா, அங்கே குளிரா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். அதனால்தான் இது.

போன வாரம் உன் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். வந்த மறுநாளே மலையேறி அருவியைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் இரண்டும் ஒற்றைக்காலில் நின்றன. விடிந்ததும் கிளம்பினோம், அம்மா மட்டும் அடிவாரத்தில் காரிலேயே உட்கார்ந்துகொண்டாள். தம்பி மகன் பத்து வயசுக்குள் பெரிய தலைவன் ஆகிவிட்டான், கையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு அவன் அப்பனுக்கே வழி சொல்கிறான். சின்னவள் சுண்டு என் பங்கு. ஆறு வயசு, வாய் மட்டும் அறுபது. கண்ட கல்லையெல்லாம் பொறுக்கி என் சட்டைப்பையில் போட்டாள், கனமா இருக்கா தாத்தா என்று கேட்பாள், இருக்குடி என்றால், அப்ப இன்னும் ஒண்ணே ஒண்ணு என்பாள். சின்ன வயசில் நீயும் இப்படித்தான் வருவாய், என்னை விட்டு நாலடி முன்னால் ஓடி, திரும்பி நின்று, சீக்கிரம் வாங்கப்பா என்று அதட்டிக்கொண்டு. அன்றைக்கு முழுக்க நீ இல்லாதது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

பாதி வழியில் மேகம் இறங்கிவிட்டது, பத்தடி தள்ளி நிற்கிற மரம் தெரியவில்லை. தம்பியும் மற்றவர்களும் முன்னால் போய்விட்டார்கள். எனக்கு மூச்சு வாங்கியது, ஒரு பாறையில் கையை ஊன்றிக் குனிந்தேன், நிமிர்ந்து பார்த்தால் சுண்டுவைக் காணவில்லை. முன்னால் போன தன் அம்மாவிடம் ஓடியிருப்பாள் என்று நினைத்து நடையை எட்டிப்போட்டேன். தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, உங்ககூடத்தானேப்பா வந்தா என்றான். லிஃப்ட் பாதியில் நின்று உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று, பதறாதீங்க, இதோ திறந்துடறேன் என்று முப்பத்திரண்டு வருஷம் சொன்னவன் நான். அன்றைக்கு எனக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. மருமகள் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகக் கத்திக்கொண்டு தேடினோம். பனி எங்கள் குரலையெல்லாம் விழுங்கிவிட்டது.

இருபது நிமிஷம் இருக்கும், விசில் சத்தம் கேட்டது. மூன்று முறை, கொஞ்சம் நிறுத்தி மறுபடி மூன்று முறை. அந்தத் திக்கில் விழுந்தடித்துப் போனேன். ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள், வாயில் விசில், கன்னமெல்லாம் ஈரம். அணில் ஒன்றின் பின்னால் போனாளாம். அந்த மரத்துக்கு அப்பால் பதினைந்து அடியில் பள்ளம், பனி விலகின பிறகுதான் அதை நானே பார்த்தேன். நீ எங்களைத் தேடி நடக்கலையாடி என்று பின்னாலேயே ஓடி வந்த தம்பி கேட்டான். அத்தைதான் சொன்னாங்க, வழி தப்பினா ஒரு அடிகூட நடக்கக் கூடாது, மரத்தைப் புடிச்சுக்கிட்டு ஊதணும், கண்டிப்பா யாராவது தேடி வருவாங்கன்னு சொன்னாங்க என்றாள். பிறந்தநாள் பார்சலில் நீ அனுப்பின விசிலாம் அது, போனிலேயே நாலு தரம் ஒத்திகையும் பார்த்தாயாமே. கடல் கடந்து இருந்துகொண்டு எங்கள் பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாய். தம்பி அந்த ஈரத்தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டான், உனக்கு அவன் சொல்லியிருக்க மாட்டான்.

நான் சுண்டுவை வாரி எடுத்து அணைத்துக்கொண்டேன், கீழே இறங்கும்வரை இறக்கிவிடவில்லை. உன்னை நான் அப்படித் தூக்கவில்லை. எட்டு வயசில் ஆற்றங்கரைக் காட்டில் நீ தொலைந்துபோய், இரண்டு மணி நேரம் தனியாக நடந்து, விறகு வெட்டுகிற ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாயே, உன்னைப் பார்த்ததும் ஓங்கி அறைந்தேன். அதற்கப்புறம் மூன்று நாள் உன்னோடு பேசவுமில்லை. அப்பாவுக்குக் கோபம் தீரவில்லை என்று நினைத்து நீ என் கண்ணில் படாமலே சுற்றி வந்தாய். கோபம் இல்லை அம்மா. காடு முழுக்க உன் பேரைக் கத்திக் கத்தித் தொண்டை கிழிந்து எனக்குக் குரலே வரவில்லை. குரல் வந்த பிறகு, அறைந்த வெட்கத்தில் சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் நீ வளர்ந்துவிட்டாய், படிக்கப் போனாய், அங்கேயே இருந்துவிட்டாய்.

பேரன் பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் மலைப்பயணம் கூட்டிப்போகிறார்கள் என்றும், பயமாக இருக்கிறது, கையெழுத்துப் போடமாட்டேன் என்றும் அம்மாவிடம் சொன்னாயாம். அந்தப் பயம் நான் கொடுத்தது, அவனுக்கு அதைக் கொடுத்துவிடாதே. போகட்டும். திரும்பி வரும்போது கையைக் காலை உடைத்துக்கொண்டு வந்தாலும் முதலில் கட்டிக்கொள், திட்டுவதைச் சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம். நீ வந்து நாலு வருஷம் ஆகிறது. இந்தத் தடவை அவனைக் கூட்டிக்கொண்டு வா, எனக்கு இன்னும் நடக்க முடிகிறபோதே வா.

மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். புது ஷூவைப் போட்டு அவனை மலைக்கு அனுப்பாதே, ஒரு வாரமாவது வீட்டில் போட்டுப் பழகட்டும், இல்லாவிட்டால் கால் கொப்பளித்துவிடும். இதைப் படித்துவிட்டு உடனே போன் போடாதே, எனக்குப் பேச வராது. இரண்டு வரி எழுது.

உன்னை அன்றைக்கு இரண்டு மணி நேரமும் தேடிக்கொண்டே இருந்த
அப்பா