சேரன் படைக்கு ஊண்

ஞாயிறு

விடாத மழை. மாடியில் போட்ட துணி இரண்டாம் நாளும் காயவில்லை. ஸ்ரீவராகம் தெரு முழுக்க ஈர வாசனை.

சேரநாட்டு ராஜா படத்துக்கு நான் எழுதிய விமர்சனம் நேற்று இணைய இதழில் வந்துவிட்டது. வழக்கம்போல 'கோட்டைவாசல்' என்ற பெயரில். பழங்காலப் படம் எது வந்தாலும் ஆசிரியர் பிரபா எனக்குத்தான் கொடுப்பாள். தப்புப் பிடிப்பதில் நான் கெட்டிக்காரி என்று பெயர்.

இந்தத் தடவை பிடித்தவை:
1. சந்தையில் வற்றல் மிளகாய்க் குவியல். அந்தக் காலத்தில் ஏது மிளகாய்?
2. வேல் பிடித்தவன் தோளில் அம்மைத் தடுப்பூசித் தழும்பு.
3. ராணியின் புருவம். பார்லர் நூல் வேலை.
4. பாசறையில் சமையற்காரன் கூவுகிறான்: "ஊண் ஆயிற்று, வாருங்கள்!" சாப்பாட்டுக்கு ஊண்! சேரன் சமையற்காரன் வாயில் மலையாளம்.

நாலாவதுதான் பற்றிக்கொண்டது. "சேரன் படை கிழக்கேகோட்டை ஓட்டலில் கை நனைக்கிறது, ஊணு ரெடி!" என்று எங்கள் ஊர் மலையாளப் போர்டை வைத்து எழுதியிருந்தேன். இன்று ராஜா படத்தோடு ஓட்டல் போர்டை ஒட்டி ஊரெல்லாம் அனுப்புகிறார்கள். இவர் போனில் காட்டிக் காட்டிச் சிரித்தார்.

வசனம் ஷைலா. கல்லூரியில் என் பெஞ்சு, பாறசாலைக்காரி. ராஜா படம் ஒன்று விடாமல் சேர்ந்து பார்ப்போம், திரும்பும்போது பஸ்ஸில் வசனத்தைத் திருத்துவோம். இது அவள் முதல் படம். கோட்டைவாசல் நான்தான் என்று அவளுக்குத் தெரியாது.

உள்ளதைத்தானே எழுதினேன் என்று காலையிலிருந்து எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொறாமையும் இருந்தது. இங்கேயாவது ஒத்துக்கொள்கிறேன்.

திங்கள்

மழை இல்லை. கேஸுக்குச் சொல்ல வேண்டும், மறந்துவிட்டேன்.

பதினோரு மணிக்குச் சென்னையிலிருந்து ஷைலா போன். நான் வேலை பார்க்கும் கொரியர் ஆபீஸ் மாடிப்படியில் நின்று பேசினேன்.

"ஏட்டி கோமு, பாத்தியா? எனக்குத் தமிழே தெரியாதாம். அது நல்ல பழைய தமிழ் வார்த்தைன்னு சொன்னா ஒருத்தனும் கேக்கல்ல. புதன்கிழம நாலு மணிக்குப் புரொடியூசர் வரச் சொல்லியிருக்காரு. ரெண்டாம் பாகத்துக்கு வேற ஆளப் பாக்கலாமான்னு பேச்சு."

"விடுடி. நாலு நாள் பேசுவா, பின்னே மறந்துடுவா."

"ஆரு அந்தக் கோட்டைவாசல்? உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"செரி" என்று வைத்துவிட்டாள்.

பழைய தமிழ் வார்த்தை என்றாளே. இருக்காது. இருந்தால்?

செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் லைப்ரரி. பெரிய அகராதி, முதல் தொகுதி, அட்டை கழன்றது.

ஊண்: உணவு. சுத்தமான தமிழ். சங்க காலத்திலேயே உண்டாம். நாம் கைவிட்டோம், மலையாளத்தில் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்த வரியைப் பத்துத் தடவை படித்திருப்பேன்.

மதுரைக்காரர் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார். தெரியாத வார்த்தை என்று தேடிப் பார்த்திருப்பார். தினமும் பஸ் ஏறும் இடத்தில் 'ஊணு ரெடி' போர்டைப் பார்க்கிற எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்து வாரப் பத்திரிகையைப் பார்த்துத் தானாக வந்தது. சென்னை ஹாஸ்டலில் இரண்டு வருஷம் நான் வாயைத் திறந்தாலே சிரித்தார்கள். அதற்கப்புறம்தான் அடுத்தவர் வாயில் மலையாளம் தேடுகிற புத்தி வந்தது.

பிரபாவைக் கூப்பிட்டேன். "விடுங்க மேடம். இப்பத்தான் நல்லாப் போயிட்டிருக்கு. தப்புன்னு நாமளே சொன்னா அப்புறம் யாரு நம்மள நம்புவா?"

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. "உடனே சொல்லிடு, கோமு. அவளாக் கண்டுபிடிச்சா நன்னாவா இருக்கும்?"

ரசத்தில் இரண்டு தடவை உப்பு.

புதன்

புழுக்கம். மின்விசிறி போட்டும் வேர்வை.

காலையிலிருந்து திருத்தம் எழுதுவதும் அழிப்பதும். "பிழையாக இருக்கலாம்" என்று முதலில். கோழைத்தனம். "இரு கருத்துகள் உள்ளன" என்று அடுத்தது. அதைவிட மோசம். நடுவில் கொல்லம் பார்சலைக் கொச்சிக் குவியலில் போட்டு மேனேஜரிடம் திட்டு.

3.30க்கு எழுதியது: "ஊண் பழந்தமிழ்ச் சொல். தவறு என்னுடையது. கோட்டைவாசல் என்ற பெயரில் எழுதியவள் கோமதியாகிய நான். வசனம் எழுதியவருக்கு என்னைவிட நன்றாகத் தமிழ் தெரியும்."

பிரபா போனை எடுக்கவில்லை. 3.50க்கு என் சொந்தப் பக்கத்திலேயே போட்டேன். ஷைலாவுக்கு இரண்டு தடவை அடித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை.

4.00. 4.30. ஆறு. ஒன்றுமில்லை.

வியாழன்

மேகம். துணி ஒருவழியாகக் காய்ந்தது.

காலையில் பிரபா: "இனிமே நீங்க எழுத வேண்டாம் மேடம்." சரி.

11.40. ஷைலாவிடமிருந்து வரிசையாக மூன்று செய்தி.

"ரெண்டாம் பாகம் எனக்கு இல்ல. உனக்க பதிவ மீட்டிங் கழிஞ்ச பொறவுதான் எல்லாரும் பாத்தாவ."

"நீதான்னு மொத நாளே தெரியும். 'படம் கழிந்து வெளியே வந்தபோது மழை'ன்னு தொடங்கியிருந்த. தமிழ்ல 'முடிந்து'ன்னுல்லா எழுதுவாவ. கழிஞ்சுன்னு எழுத உன்ன விட்டா ஆரு இருக்கா?"

"திங்கக்கிழம அதான் கேட்டேன். நீயே சொல்லுவன்னு நெனச்சேன்."

விமர்சனத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் வரி. மலையாளம் தேடினவளின் முதல் வரியிலேயே மலையாளம்.

ஆபீஸ் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மன்னித்துவிடு என்று மூன்று தடவை தட்டினேன், மூன்று தடவை அழித்தேன். திங்கட்கிழமை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு இரண்டு நாள் இருந்திருக்கும்.

1.10. மறுபடி ஷைலா. கல்லூரியில் தினமும் இதே நேரத்துக்குப் பெஞ்சைத் தட்டிச் சாப்பிட்டாயா என்று கேட்பாளே, அதே இரண்டு வார்த்தை.

"ஊணு கழிஞ்சோ?"

இல்லை. டப்பாவை இன்னும் திறக்கவில்லை.