பேரைக் கொடுத்துட்டேன், அய்யா

அய்யா,

இன்னைக்கு வெள்ளனே ஒரே பனி. பெட்டியில கெடந்த உங்க கம்பளிக் கோட்டை எடுத்து மாட்டுனேன். அந்துருண்டை வாசத்துக்கு நடுவுல உங்க வாசமும் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. அதோட கோயிலுக்குப் போய், திடப்படுத்தலுக்குப் பேர் கொடுத்துட்டு வந்தேன். உபதேசியார் நிமிந்து பாத்து, "மகனுக்கா, மகளுக்கா?"ன்னாரு. "எனக்குத்தாங்க"ன்னேன். அம்பத்திரண்டு வயசுல.

நீங்க இருபத்தஞ்சு வயசுல சீமையிலருந்து கப்பலேறி வந்தவரு. வாத்தியாரு, சபை அய்யரு, பிஷப்புன்னு ஆகி, ஓய்வு வாங்கி ஊருக்குப் போனீங்க. ஒரு குளிர்காலம் கழியுமுன்ன கொடைக்கானலுக்குத் திரும்பிட்டீங்க. "அங்கே என்னைச் சாப்பிட்டாயிற்றா என்று கேட்க ஒருவருமில்லை, தம்பி"ன்னீங்க. "என் ரசத்துக்காக வந்தேன்னு ஒத்துக்கங்க அய்யா"ன்னு வம்பிழுத்தேன். உங்க புத்தகத் தமிழும் என் வாய்த்துடுக்குமா பதிமூணு வருசம் ஓடிருச்சு.

அப்பவும் மலைக் கிராமத்துல திடப்படுத்தலுக்குக் கூப்புட்டா போவீங்க. ஜீப்பு ஓட்டுறது நான்தான். பிள்ளைக வரிசையா முழங்கால் போட, ஒவ்வொரு தலையிலயும் கை வச்சு ஜெபிப்பீங்க. நான் வாசலோட நின்னுக்குவேன். பெரும்பாறையில ஒரு பொண்ணு வேதக் கேள்விக்குப் பதில் மறந்து முழிச்சப்ப, வாசல்லருந்து நானே சொல்லிட்டேன். கேட்டுக் கேட்டு அம்புட்டும் மனப்பாடம். திரும்பும்போது, "நீங்கள் எப்போது, தம்பி?"ன்னீங்க. "மீசை நரைக்கட்டும் அய்யா"ன்னேன். வருசத்துக்கு ஒரு சாக்கு. மூணாப்போட நின்னவன் பதிவேட்டுல எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போடுறதை அந்தப் பிள்ளைக பாக்குமேங்கிற வெக்கம். அதை மட்டும் உங்ககிட்டச் சொல்லல.

திருவிருந்துக்கு எல்லாரும் எந்திரிச்சுப் போவாக. திடப்படாதவன் நான் மட்டும் உக்காந்திருப்பேன். முந்தியெல்லாம் நீங்க திரும்பி வரும்போது என்னைப் பாத்து லேசாத் தலையாட்டுவீங்க. இப்ப அந்தப் பெஞ்சு ரொம்ப நீளமா இருக்கு.

வர்ற ஞாயித்துக்கெழம புது பிஷப் வர்றாரு. நல்ல மனுசன்தான். ஆனா உங்க கைக்குத்தான நான் இத்தனை வருசம் சாக்குச் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

கடைசி வருசத்துல காலையில நான்தான உங்களுக்கு ஷூ மாட்டிவிடுவேன். விழுந்துறாம இருக்க என் தலையைப் பிடிச்சுக்குவீங்க. கயிறு கட்டி முடிச்ச பெறகும் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். அந்தக் கனம் இன்னும் தலையில இருக்கு. உங்க உதடு அசைஞ்சுச்சான்னுதான் தெரியல. குனிஞ்சபடியே நான் நக்கல் பேசிக்கிட்டு இருந்துட்டேன்.