வெள்ளைக் கார் வாங்கிய அன்று

அன்புத் தங்கச்சி,

உன் போன் மாமியார் கையில் இருப்பதால் ஃப்ளோரா டீச்சரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விருத்தாசலத்தில் பழைய கார் விற்கிற கடைகளில் ஏறி இறங்கி, என்னால் முடிந்த விலைக்கு ஒரு வெள்ளைக் கார் பிடித்தேன். சாவியை வாங்கும்போது உன் வீட்டுக்காரர் வந்து நின்றார்.

"எம் பொண்டாட்டிய ஏத்திக்கினு போவத்தான வண்டி வாங்குற?"

கையிலிருந்த இரும்புக் கம்பியால் முன்கண்ணாடியை நொறுக்கினார். அடுத்த அடி என் இடது முழங்கையில். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கீழே விழுந்த பிறகும் வயிற்றில் உதைத்தார். கடைக்காரர் டோமினிக்தான் ஆட்களோடு அவரை மடக்கிப் போலீசில் ஒப்படைத்தார்.

"வேற வண்டி பாத்துக்குங்கம்மா, இது ராசியில்ல" என்றார் டோமினிக்.

"இதுவே இருக்கட்டுங்க. கண்ணாடிய மட்டும் மாத்திக் குடுங்க."

போன மாதம் பாத்ரூமில் வழுக்கிக் கை உடைந்ததாகச் சொன்னாய். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடமும், "வழுக்கி வுழுந்தீங்களா?" என்றுதான் கேட்டார். "இல்லிங்க, தங்கச்சி வூட்டுக்காரரு அடிச்சாரு" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்.

அவர் ஜாமீனில் வருவதற்குள், நாளைக் காலையே வருகிறேன். டோமினிக் ஓட்டுவார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா. செருப்பைக்கூடத் தேடாதே.

உன் அக்கா