திரும்பும் டிக்கெட்

மரக்காணம்
8.7.2025

அன்புள்ள அசோகன் மாமாவுக்கு,

யுவராணி எழுதுகிறேன். இந்த மெயில் முகவரி நினைவிருக்கிறதா? நான் காலேஜ் சேர்ந்தபோது நீங்கள்தான் ஷார்ஜாவிலிருந்து போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி உண்டாக்கித் தந்தீர்கள். இன்றைக்குத்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

கலா அக்காவும் பிள்ளைகளும் வந்து இன்றோடு ஆறு நாள். இலக்கியா முதல் இரண்டு நாள் பாத்ரூம் பக்கமே போகமாட்டேன் என்று அழுதாள். இப்போது தெருப் பிள்ளைகளோடு ஓடுகிறாள். பரத் உப்பு மேட்டைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது யாரு வீட்டு ஃப்ரிட்ஜ்ல இருந்து கொட்டினது?" என்று கேட்டான். அப்பா அதை உப்பளத்தில் வேலை செய்கிற அத்தனை பேரிடமும் சொல்லியாகிவிட்டது. நான்கு வருடம் கழித்து வந்த மகள் என்பதால் அம்மா ஒருநாள் வேலைக்குப் போகவில்லை. மறுநாள் வழக்கம்போல பொழுது வெளுக்கும் முன்னே உப்பளத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

தெருவில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். பக்கத்து வீட்டு சகாயமேரி அக்கா தினமும், "ஏண்டி துபாய்க்காரி, எப்போ பிளேனு?" என்று கேட்கிறார். அக்கா, "துபாய் இல்லடி, ஷார்ஜா. ஆகஸ்ட் இருபத்தி நாலு. ஏன், டாட்டா காட்ட வர்றியா?" என்கிறாள்.

அந்த டிக்கெட்டைத்தான் கேட்க வந்தேன். நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்தில் பிரிண்ட் எடுத்து வரச் சொன்னாள் அக்கா. ஃபைலில் வந்த டிக்கெட் மட்டும்தான் இருக்கிறது, திரும்பும் டிக்கெட் இல்லை. இந்த மெயிலுக்கே அனுப்பிவிடுங்கள். அக்காவின் போன் எந்நேரமும் பரத் கையில் இருக்கிறது.

ஒரு சின்னக் குறை. போனில் வீடியோ போடமாட்டேன் என்கிறீர்களாம். தன் சைக்கிளைக் காட்டச் சொன்னால் அப்பா நெட் இல்லை என்கிறார் என்று இலக்கியாவுக்குக் கோபம்.

அன்புடன்,
யுவராணி

*

ஷார்ஜா
9.7.2025

அன்புள்ள யுவராணிக்கு,

மெயில் பார்த்து ரொம்ப சந்தோஷம்மா. நான் போன்ல பேசறேன், அதுவே தமிழ்ல எழுதிக்குது. தப்பு இருந்தா மன்னிச்சுக்கோ. பரத் சொன்னதைப் படிச்சு சிரிச்சேன். அவனுக்கு வெயில்ல கட்டி வரும், பார்த்துக்கோ. இலக்கியாவுக்கு முட்டை கொடுங்க, பால் வேண்டாம்.

டிக்கெட்டுக்கு இப்போ ஒண்ணும் அவசரம் இல்லை. நானே அனுப்பறேன். அந்த ஃபைலை எடுத்து பீரோ மேல வச்சிடு. பாஸ்போர்ட்டெல்லாம் இருக்குது, பிள்ளைங்க கிழிச்சிடும். அதுல வேற எந்தப் பேப்பரையும் பிரிக்க வேண்டாம்.

டிக்கெட்டைப் பத்தி கலாவுக்கு சந்தேகம் ஏதாச்சும் வந்துச்சா?

மாமா
அசோகன்

*

மரக்காணம்
10.7.2025

மாமாவுக்கு,

பிரிக்க வேண்டாம் என்று நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் நான் பிரித்திருக்கவே மாட்டேன்.

இந்த வீட்டில் எந்தக் காகிதம் வந்தாலும் என் கையில்தான் கொடுப்பார்கள். ரேஷன் கடை, பேங்க், தாலுகா ஆபீஸ், எதுவானாலும். தெருவில் பாதிப் பேரும் அப்படித்தான். படித்த பெண் என்று பெயர். அதை நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

பாஸ்போர்ட் உறைக்குள் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் அரபி, ஒரு பக்கம் ஆங்கிலம். அக்கா, இலக்கியா, பரத் மூன்று பேருடைய விசாவும் ஜூன் முப்பதாம் தேதி ரத்து செய்யப்பட்டதாக அதில் இருக்கிறது. கீழே அக்காவின் கையெழுத்து.

வந்த அன்று அக்கா என்னிடம் சொன்னாள்: "கிளம்பறதுக்கு மூணு நாள் முன்னாடி ரினியூவலுக்குக் கையெழுத்து வாங்கினாருடி. இனி ரெண்டு வருஷத்துக்குக் கவலை இல்லை."

நான் தப்பாகப் படித்திருந்தால் நன்றாகத் திட்டி எழுதுங்கள். திட்டு வாங்கினால் சந்தோஷப்படுவேன்.

யுவராணி

*

ஷார்ஜா
12.7.2025

அன்புள்ள யுவராணிக்கு,

நீ தப்பா படிக்கலை.

ஏப்ரல்ல எங்க சைட் முடிஞ்சுது. ஸ்டோர்கீப்பர் வேலை போச்சு. தினமும் வேலைக்குப் போற மாதிரி சட்டை போட்டுக்கிட்டு வெளிய போயிட்டு சாயங்காலம் வந்தேன், ரெண்டு மாசம். இப்போ வேற இடத்துல ஹெல்பர். இந்த விசாவுல ஃபேமிலி வச்சுக்க முடியாது. ஃப்ளாட்டைக் காலி பண்ணிட்டேன். ஃப்ரிட்ஜ், கட்டில், இலக்கியா சைக்கிள் எல்லாம் போயிடுச்சு. கோட்டக்குப்பத்துக்காரங்க ஆறு பேர் இருக்கற ரூம்ல ஒரு பெட் வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கேன். வீடியோ போட்டா எதைக் காட்டறது, சொல்லு.

சொல்லியிருந்தா அவ பிளேன் ஏறியிருக்கவே மாட்டா. உங்க அக்காவைப் பத்தி உனக்குத் தெரியாததா? இனிமே உப்பளத்துல கால் வைக்க மாட்டேன்னு எல்லாருக்கும் முன்னாடி சொல்லிட்டு வந்தவ. அவகிட்ட எப்படிச் சொல்லுவேன்? லீவுன்னு சொன்னதும் பிள்ளைங்க குதிச்சுதுங்க. சந்தோஷமா ஒரு மாசம் இருக்கட்டும்னு விட்டேன். ஆகஸ்ட் நடுவுல நானே சொல்றேன். அதுக்குள்ள நல்ல வேலை கிடைச்சா சொல்லவே தேவைப்படாது.

அதுவரைக்கும் உன் வாயில இருந்து வரக்கூடாதும்மா. உன்னைத் தங்கச்சியா நினைச்சுக் கேக்கறேன். கலாவுக்கு சந்தேகம் வராம பார்த்துக்கோ. வந்த மாதிரி தெரிஞ்சா உடனே எழுது.

மாமா

*

மரக்காணம்
19.7.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அது கஷ்டமான வேலை இல்லை என்று நினைத்திருந்தேன். நான்தான் பேசாத பெண் ஆயிற்றே. ஆனால் இந்த ஒரு வாரம் அக்கா கூப்பிட்டாலே பயமாக இருக்கிறது. சாப்பிடும்போது எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

உங்களுக்கு எழுத வேண்டியது மூன்று நாட்களில் நடந்தது.

புதன்கிழமை மத்தியானம் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. வாரி வைத்த உப்பு கரைந்துவிடும் என்று தெருவே தார்ப்பாயோடு ஓடியது. அக்கா குடையோடு கரையில் நின்றாள். "விருந்தாளி அம்மா, குடைய இங்க குடு, உப்புக்குப் பிடிக்கறோம்" என்று யாரோ கத்தினார்கள். குடையைப் போட்டுவிட்டு அவளும் இறங்கிவிட்டாள். கயிறு இழுத்து உள்ளங்கை கிழிந்து, அதில் உப்புத் தண்ணீர் பட்டு எரிச்சல். நான் எண்ணெய் தடவினேன். "விடுடி, ஒரு மாசம். அங்க போனா கை பழையபடி ஆயிடும்" என்று சிரித்தாள். நான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் கிளியனூர் தையல் கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். கல்யாணத்துக்கு முன் அக்கா வேலை பார்த்த இடம். இப்போது லைன் சூப்பர்வைசர் வேண்டுமாம், அக்காதான் பொருத்தம் என்று வீடு தேடி வந்திருக்கிறார். வேன் தெருமுனைக்கே வரும் என்றார். அக்கா காபி கொடுத்து, "நான் போற ஆளு சார். இவங்களை எடுத்துக்கங்க" என்று சகாயமேரி அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அந்த வேலை போய்விட்டது, மாமா. அது உங்களால் மட்டும் போகவில்லை, என்னாலும்தான்.

நேற்று இலக்கியா படிக்க வேண்டிய பள்ளிக்கூடத்துக்குப் போய் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். மூன்றாம் வகுப்பில் இடம் இருக்கிறது. இந்த மாதம் முப்பத்தொன்றோடு சேர்க்கை முடிகிறது. ஆகஸ்ட் நடுவில் நீங்கள் சொன்னால் அவள் ஒரு வருடம் வீட்டில் இருப்பாள்.

சீக்கிரம் சொல்லிவிடுங்கள். உங்கள் வாயால் சொல்வதுதான் மரியாதை.

யுவராணி

*

ஷார்ஜா
20.7.2025

யுவராணிக்கு,

பள்ளிக்கூடம் வரைக்கும் போயிட்டியா? யாரைக் கேட்டுப் போனே? நாலு பேர் பார்த்து கலாவுக்கு சந்தேகம் வந்துட்டா என்ன பண்றது?

ஒரு டிகிரி வாங்கிட்டா எல்லாம் தெரியும்னு நினைப்பு. குடும்பம் நடத்திப் பார்த்தாதான் தெரியும். இங்க ஐம்பது டிகிரி வெயில்ல நிக்கறது நான். என் பொண்ணு படிப்பு எனக்குத் தெரியாதா? டி.சி. வாங்கி என்கிட்டதான் வச்சிருக்கேன். புருஷன் பொண்டாட்டி நடுவுல நீ வர வேண்டாம். சொல்ற நேரத்துல நான் சொல்லிக்கறேன்.

அசோகன்

*

மரக்காணம்
22.7.2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மையத்தில் வைத்துப் படித்தேன். வரிசையில் ஆட்கள் நின்றார்கள். ஒரு பெரியவர், "என்னம்மா, கரண்ட் போச்சா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு அவருடைய வருமானச் சான்றிதழை இரண்டு தடவை தப்பாக அடித்தேன்.

நடுவில் நான் வரவில்லை. நீங்கள்தான் என்னை நடுவில் நிறுத்தினீர்கள்.

நான் பதில் பேசிப் பழகாதவள். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை, இருபத்தேழாம் தேதி, நீங்கள் அக்காவிடம் சொல்லுங்கள். நீங்கள் வேலை இழந்ததற்கு அவள் கோபப்பட மாட்டாள். கோபம் வந்தாலும் நீங்கள் தாங்க வேண்டியதுதான். அன்று சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

இலக்கியாவின் டி.சி.யை ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.

யுவராணி

*

மரக்காணம்
28.7.2025

மாமாவுக்கு,

ஆறு நாளாக உங்களிடமிருந்து மெயில் இல்லை. நேற்று பதினொரு மணிக்குப் போன் செய்தீர்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். கொசுவைப் பற்றிப் பேசினீர்கள், பரத்தின் பல்லைப் பற்றிப் பேசினீர்கள். "டிக்கெட் அனுப்பறேன்னு அன்னிக்கே சொன்னீங்களே" என்று அக்கா கேட்டாள். நீங்கள் ஏதோ சொன்னீர்கள். "சரிங்க, மெதுவா அனுப்புங்க" என்று அவள் வைத்துவிட்டாள்.

எனக்கு எடுத்துச் சொல்ல வராது. அதனால் நம்முடைய கடிதங்கள் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துவிட்டேன். நீங்கள் எழுதியது, நான் எழுதியது, அந்த விசாத் தாள், எல்லாம். இதையும் சேர்த்து இன்று சாயங்காலம் அவள் கையில் கொடுப்பேன்.

யுவராணி

*

மரக்காணம்
30.7.2025

இலக்கியா அப்பாவுக்கு,

சூர்யகலா எழுதறது. எனக்கு இதுல அடிக்க வராது. நான் சொல்லச் சொல்ல யுவராணி அடிக்கிறா. ஒரு எழுத்து மாத்தக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். முதல் தடவை படிச்சு முடிச்சதும் இவளுக்கு ஓங்கி ஒண்ணு வச்சேன். பதினெட்டு நாளா என் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டிருக்கா, என் கையில எண்ணெய் தடவியிருக்கா, ஒரு வார்த்தை சொல்லலை. அதையும் அடிடீ. அடிச்சிட்டா. அழுதுகிட்டே அடிக்கிறா, அடிக்கட்டும்.

அப்பா கிளியனூர் போய் உங்க அண்ணன்கிட்ட கேக்கறேன்னு சட்டையை மாட்டினாரு. இது எனக்கும் உங்களுக்கும்தான்னு சொல்லி உட்கார வச்சேன். அம்மா என் தட்டுல இன்னும் ஒரு கரண்டி சோறு வச்சா, அவ்வளவுதான்.

வேலை போனதுக்கு நான் அழலை. நம்ம வீட்ல இது புதுசா? மழை பேஞ்சா எங்கப்பனுக்கு வருஷா வருஷம் வேலை போகும். எங்கம்மாகிட்ட வந்து "போச்சு"ன்னு ஒரு வார்த்தை சொல்லுவாரு, அவளும் "சரி"ம்பா. நீங்க அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாம ரெண்டு மாசம் சட்டை போட்டுக்கிட்டு வெயில்ல சுத்தியிருக்கீங்க. நான் சாயங்காலம் டீ போட்டு வச்சுக்கிட்டு காத்திருந்தேன். அதை நினைச்சாதான் வயிறு எரியுது. உங்களுக்காகவும் எரியுது, எனக்காகவும் எரியுது.

இவளுக்கு எழுதினதுல மூணு கடுதாசியில, கலாவுக்கு சந்தேகமா, சந்தேகமான்னு கேட்டிருக்கீங்க. கலா எப்படி இருக்கான்னு ஒண்ணுலயும் இல்லை.

இலக்கியாவை நேத்து சேர்த்துட்டேன். பாஸ்போர்ட் காப்பி வச்சு எடுத்துக்கிட்டாங்க, டி.சி. கொடுக்கப் பதினஞ்சு நாள் டைம் தந்திருக்காங்க. நாளைக்கே அனுப்புங்க. ஏன் இந்தப் பள்ளிக்கூடம்னு கேட்டா. அப்பாவுக்கு அங்க வேலை போயிடுச்சு, வீடு இல்லை, நாம இங்கதான்னு சொன்னேன். "சைக்கிளு?"ன்னா. அதுவும் இல்லைன்னேன். கொஞ்ச நேரம் அழுதா. அப்புறம் யூனிஃபார்ம் என்ன கலர்னு கேட்டா. எட்டு வயசுக் குழந்தைகிட்ட சொல்லிட முடிஞ்சுது. என்கிட்டதான் உங்களுக்குச் சொல்ல முடியலை.

தையல் கம்பெனிக்கு சகாயமேரி போக ஆரம்பிச்சுட்டா. அவகிட்ட திருப்பிக் கேக்க மாட்டேன். திங்கட்கிழமையில இருந்து அம்மாகூட உப்பு வாரப் போறேன். கால் வைக்க மாட்டேன்னு சொன்னது நான்தான். வைக்கப் போறதும் நான்தான். அதைச் சாக்கா வச்சு நீங்க எதையும் மறைக்க வேண்டாம்.

பிள்ளைங்க உங்ககிட்ட எப்போ வேணும்னாலும் பேசலாம். நான் தடுக்க மாட்டேன். யுவராணிக்கு இனிமே எழுதக் கூடாது. அவகிட்ட நான் பேச இன்னும் கொஞ்ச நாள் ஆகும், அது எங்க பாடு.

ஊருக்கு வர்றதா நினைப்பு இருந்தா, டிக்கெட்டைப் போட்டுட்டு சொல்லாதீங்க. போடறதுக்கு முன்னாடி என்னைக் கேளுங்க. வாங்கன்னு சொல்லுவேனா மாட்டேனான்னு இன்னிக்கு எனக்கே தெரியலை. ஆனா கேக்கணும்.

சூர்யகலா