மீந்துபோன தண்டு

மார்ச் 3, செவ்வாய்

மலைப்பாதையின் இரண்டாவது வளைவில் எங்கள் பழைய கார் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே எங்களை முந்திப் போனார். போகிற போக்கில் கையை வேறு ஆட்டினார்.

ஓட்டியது தங்கை மகள். உச்சியில் இருக்கிற ஆஸ்பத்திரியில் அவளுக்கு ரத்தப் பரிசோதனை வேலை கிடைத்திருக்கிறது. ஒன்றாம் தேதி சேர வேண்டும். காலை ஏழுக்கெல்லாம் உள்ளே இருக்க வேண்டும். முதல் பஸ்ஸே எட்டுக்குத்தான். இந்த வண்டி ஏறாவிட்டால் அவள் போவது வேறொரு ஊர் ஆஸ்பத்திரிக்கு. ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போகிற தூரம். அங்கேயும் வரச் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து தங்கை பாத்திரம் வைக்கிற சத்தமே மாறிவிட்டது.

நான் சொல்லிவிட்டேன்: "மாமா இருக்கேன். மாசக் கடைசிக்குள்ள இந்த வண்டி மலை ஏறும்."

சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தேன். பெரிய காரியங்கள் எல்லாம் இந்த வரிசையில்தான் நடக்கும்.

மார்ச் 5, வியாழன்

கிடைத்துவிட்டது! பழைய இரும்புக் கடையில், நம் வண்டியின் அதே கம்பெனி வண்டி, வயதில் இளையது. பின்னால் லாரி இடித்து அப்பளமாகிக் கிடக்கிறது. முன்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. உள்ளே டர்போ எஞ்சின். கடைக்காரம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். (நாற்காலியைத் துடைக்க எழுந்தார் என்று கூட வந்த மாப்பிள்ளை, தங்கை வீட்டுக்காரர், சொல்கிறார். அவர் கண்ணுக்கு அப்படி.)

ராத்திரி சாப்பிடும்போது டர்போ என்றால் என்ன என்று வீட்டாருக்கு விளக்கினேன். எஞ்சின் வெளியே விடுகிற புகை சும்மா போகாமல் ஒரு குட்டிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகிறது; அந்தச் சக்கரம் காற்றை அள்ளி எஞ்சின் வாயில் திணிக்கிறது. போகிற புகையிடமும் வேலை வாங்குகிற எஞ்சின். "உன்கிட்ட வேலை வாங்கத்தான் இன்னும் எதுவும் கண்டுபிடிக்கல, அண்ணா" என்றாள் தங்கை. சிரித்தாள். சிரித்து மூன்று நாள் ஆகிறது.

மார்ச் 8, ஞாயிறு

பழைய எஞ்சினை இறக்கினோம். கொட்டகை உத்தரத்தில் சங்கிலி கட்டி ஒற்றைக் கையால் தூக்கினேன். மறு கைக்கு மாப்பிள்ளையும் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேரும் கொஞ்சம் ஒத்தாசை.

மாப்பிள்ளை தையல்காரர். நாடாவை எடுத்து வந்து புது எஞ்சினுக்குச் சுற்றளவு எடுத்தார், வண்டியின் வயிற்றுக்கும் எடுத்தார். "இடுப்புல ரெண்டு இஞ்சு பிடிக்குது, மச்சான்" என்றார். பிடித்தது. ரேடியேட்டரை முன்னால் தள்ளி வைத்தோம். நான் முதலிலேயே கண்ணால் அளந்து வைத்திருந்தேன், அவர் மனசு நோகக்கூடாது என்று சொல்லவில்லை.

மார்ச் 11, புதன்

ஒயர். ஒயர். இன்னும் ஒயர்.

மார்ச் 14, சனி

எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், எல்லாம் அந்த வண்டியிலிருந்து இந்த வண்டிக்குக் குடிவந்தாயிற்று. இது முன் சக்கரம் இழுக்கிற வண்டி. கியர்பாக்ஸிலிருந்து இரண்டு சக்கரத்துக்கும் தண்டு போக வேண்டும். நம் பழைய தண்டுகளையே செருகினேன். பல்லோடு பல் கடித்துக் கச்சிதமாக உட்கார்ந்தன. ஆறாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன் நான். அந்த வகுப்பை என் அளவுக்கு ஆழமாகப் படித்தவர் இந்த வட்டாரத்தில் கிடையாது.

கடைசியில் தண்டு ஒன்று மீந்தது. கனமானது, நுனியில் பேரிங், அதைப் பிடித்துக்கொள்ள ஒரு தாங்கி. கம்பெனிக்காரன் பந்தாவுக்காக இரண்டு சாமான் கூடுதலாகத்தான் போடுவான். மாப்பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தைச்சு முடிச்சப்புறம் துணி மீந்தா லாபம், மச்சான். கை மீந்தா, சட்டையில கை இல்லைன்னு அர்த்தம்."

சட்டை வேறு வண்டி வேறு என்று சொல்லி அனுப்பினேன். காற்றில் கேட் அடித்துக்கொள்கிறது என்று தங்கை அந்தத் தண்டை எடுத்துப் போய் முட்டுக் கொடுத்துவிட்டாள். நல்ல உபயோகம்.

மார்ச் 17, செவ்வாய்

உயிர் வந்துவிட்டது! தெருவே வெளியே வந்து நின்றது. நூறு பேர் இருக்கும். அறுபது என்று வைத்தாலும் தப்பில்லை.

மார்ச் 19, வியாழன்

தனியாக எடுத்துப் போனேன். உச்சி வரை நிற்காமல் ஏறியது. நடுவழியில் ஒரு பஸ்ஸை முந்தினேன், டிரைவர் தொப்பியைக் கழற்றினார்.

ஒன்று மட்டும். மிதித்தால் ஸ்டியரிங் வலப்பக்கம் பிடுங்குகிறது. பந்தயக் குதிரை என்றால் அப்படித்தான். சாயங்காலம் தேநீர் டம்ளரைத் தூக்க முடியவில்லை, இரண்டு தோளும் விண்விண் என்றன. வண்டி எப்படி என்று தங்கை மகள் கேட்டதற்கு, ஒரு கையால் ஓட்டினேன் என்று சொன்னேன்.

மார்ச் 22, ஞாயிறு

மூன்றாவது வளைவு. அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில். வளைந்து வெளியே வந்து மிதித்தாள். ஸ்டியரிங் அவள் கையை மீறி வலப்பக்கம் போயிற்று. பள்ளம் இருக்கிற பக்கம். முன் சக்கரம் ஓரத்துச் சரளையில் ஏறி நின்றது.

இறங்கி மைல்கல் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"மாமா, இது இழுக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த ஊருக்குப் பதில் சொல்லணும். வர்றேன்னு சொல்லிடறேன்."

மார்ச் 23, திங்கள்

இன்றைக்கு எதையும் பெரிசு பண்ணி எழுத மனசில்லை. சரளைக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. ஒரு கையால ஓட்டினேனாம். எதுக்குடா அப்படிச் சொன்னே? நான் சும்மா இருந்திருந்தா அந்தப் பிள்ளை மெதுவாவது மிதிச்சிருக்குமே?

தங்கை டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலாம்.

மார்ச் 24, செவ்வாய்

காலையில் கேட்டைத் திறக்கக் குனிந்து அந்தத் தண்டை நகர்த்தினேன். கையில் கனத்தது. அப்படியே நின்றேன். கை மீந்தா, சட்டையில கை இல்லைன்னு அர்த்தம்.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். நாடாவோடு வண்டிக்கு அடியில் புகுந்தார். இரண்டு பக்கத் தண்டையும் அளந்துவிட்டு உள்ளிருந்தே சொன்னார்: "மச்சான், இதுக்கு ஒரு கை அரைக்கை, ஒரு கை முழுக்கை."

விளங்கிவிட்டது. ஒரு தண்டு குட்டை, ஒன்று நெட்டை. பழைய எஞ்சினுக்கு வலு இல்லை, அதனால் தெரியவில்லை. டர்போ பிடித்துத் தள்ளும்போது இரண்டு சக்கரமும் ஒரே மாதிரி இழுக்காமல் வண்டி ஒரு பக்கம் போகிறது. மீந்தது நடுத்தண்டு. அதைப் போட்டால் வெளித்தண்டுகள் இரண்டும் சம நீளமாகும். அந்தச் சம நீளத் தண்டுகள் இரும்புக் கடையிலேயே கிடந்தன. கடைக்காரம்மாவிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். "கேட்டுக்கா முட்டுக் கொடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பு அடங்குகிற வரை கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிரிக்கட்டும்.

மார்ச் 26, வியாழன்

பூட்டியாயிற்று. எஞ்சின் முதுகில் மூன்று ஓட்டை சும்மா இருந்தது, காற்றோட்டத்துக்கு என்று நினைத்திருந்தேன். தாங்கியை வைத்தால் மூன்றும் நேருக்கு நேர்.

மலை ஏறிப் பார்த்தேன். மூன்று தடவை. தோள் வலிக்கவில்லை. எந்த பஸ்ஸையும் முந்தவில்லை.

மார்ச் 27, வெள்ளி

தங்கை மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அரைக்கை முழுக்கை உட்பட. தோள் வலித்ததையும். கேட்டுவிட்டுச் சாவியை எடுத்தாள். ஒரே நிபந்தனை: வண்டி நிற்கிற வரை மாமா வாய் திறக்கக்கூடாது. என் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய சாகசம் நான் செய்ததில்லை, இது சத்தியம்.

முதலில் ஊர்ந்தாள். இரண்டாவது வளைவில் கொஞ்சம் மிதித்தாள். மூன்றாவதில் வெளியே வந்ததும் நன்றாகவே மிதித்தாள். வண்டி நூல் பிடித்த மாதிரி போயிற்று. ஒரு கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நீங்க ஒரு கையால ஓட்டினதா சொன்னது இப்படித்தானா, மாமா?"

வண்டி இன்னும் நிற்கவில்லையே. தலையை மட்டும் ஆட்டினேன்.

உச்சியில் நிறுத்திவிட்டு, இறங்காமலே அந்த ஊருக்குப் போன் போட்டாள். வரவில்லை என்று சொன்னாள்.

ஏப்ரல் 1, புதன்

இருட்டு பிரியும் முன்பே கிளம்பினாள். இரண்டாவது வளைவில் பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாராம். போகிற போக்கில் கையாட்டினேன் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னாள்.

முட்டு இல்லாமல் கேட் காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. சாத்தித் தாழ் போடப் போனேன். தங்கை தடுத்தாள். மாப்பிள்ளையின் தையல் துணியில் ஒரு பட்டை கிழித்து வந்து, கேட்டை முழுக்கத் திறந்து சுவரோடு சேர்த்துக் கட்டினாள்.

"இருக்கட்டும் அண்ணா. சாயங்காலம் வண்டி உள்ள வரணும்ல."