கோப்பைப் பாலில் ஒட்டிய இறக்கைகள்

கடலுக்கு அந்தப் பக்கம் மழைக்காலம் வேறு என்பதை அன்று நான் உன்னிடம் சொல்லவில்லை. புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனாலும் சொல்லவில்லை.

இன்று மழை விட்டதும் பெட்டியைத் திறந்தேன். நீ கொடுத்த ரப்பர் கட்டியில் இன்னும் அந்தப் புளித்த வாடை. அதற்குள் இரண்டு எறும்பு இறக்கைகள், கண்ணாடிச் சீவல் போல.

ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போகும்போது, மரத்தில் கட்டிய கோப்பைகளில் முந்தின நாள் உறைந்த பாலைப் பார்ப்பாய். இறக்கைகள் ஒட்டியிருந்தால் உங்கள் தோட்டத்து மேட்டில் எறும்பு பறந்திருக்கிறது என்று அர்த்தம். பாயா ரும்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து, உன் அப்பாவின் மாட்டுவண்டியில் நகரத்துத் தெங்கேராவில் இருந்த எங்கள் மளிகைக் கடைக்கு அந்தச் சேதியோடுதான் வருவாய்.

"நேத்து சாயங்காலம் எங்க மேட்டுல பறந்துச்சுடி. இங்க?"

"இங்கேயும்தான். சுவரெல்லாம் ஈசல்."

"ஈசலா? இவ்வளவு படிச்சு என்னலா பிரயோசனம்! இடுப்பைப் பாரு. எறும்புக்குத்தான் இடுப்பு உண்டு. உன்னைவிட ஒல்லி!"

ஒருமுறை நீ கடையில் இருக்கும்போதே மழை விட்டது. பின்கட்டுச் சுவரின் விரிசலிலிருந்து அவை வந்தன. இறக்கையில்லாதவை சுற்றி ஓட, இறக்கையுள்ளவை செங்கல் விளிம்புவரை ஏறி, சற்றுத் தயங்கி, எழும்பின. பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்தும் எழும்பின. தெருவுக்கு அப்பாலும். வெயில் பட்டு வானமே மினுங்கியது. அதே மாலை உங்கள் மேட்டிலும் பறந்ததென்று பிறகு தெரிந்தது. அத்தனை மைல் தள்ளி!

அந்தச் சேதியைச் சொல்லிவிட்டு நீதான் மெல்லக் கேட்டாய்: "ஒரே நேரத்துல பறக்கணும்னு யாருடி சொன்னா அதுங்களுக்கு?"

அன்றிரவே என் புத்தகங்களில் அதைத் தேடினேன். இன்றும் தேடுகிறேன்.

ரப்பர் விலை விழுந்ததும் தோட்டத்தில் ஆட்களைக் குறைத்து, உங்கள் குடும்பத்தையும் கடலுக்கு அந்தப் பக்கம் ஊருக்குக் கப்பலேற்றினார்கள். நீ பிறந்ததே இங்கேதான். ஊர் என்பதை நீ கண்ணால் பார்த்ததில்லை. விடைபெற வந்த அன்று இந்தக் கட்டியை என் கையில் வைத்தாய்.

"இங்க பறக்குறப்ப அங்கயும் பறக்கும்லா. நீ பாக்குற நேரம் நானும் பாத்துக்கிட்டிருப்பேன். அப்புறம் என்ன, பிரிஞ்ச மாதிரியா இருக்கும்?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாய். நான் அதை ஒப்புக்கொண்டு தலையாட்டினேன்.

ஒவ்வொரு பருவத்திலும் மழை விட்டதும் பின்கட்டுக்குப் போய் நிற்கிறேன். உன் கேள்வியும் கூடவே வருகிறது. அவை எழும்பும்போது இப்போதும் அண்ணாந்து பார்க்கிறேன்.

நீ போன பிறகு வந்த முதல் பருவத்தில் தெங்கேராவில் எறும்புகள் பறந்தன. பிறகு வந்த கடிதம் சொன்னது: உங்கள் ஊரில் அப்போது மழை இல்லை. அங்கே மழை தொடங்கும் முன்பே நீ காய்ச்சலில் இறந்துபோனாய்.